அச்சேறுமுன் அளித்த காசு

நமது அறை அலமாரியின் அடித்தட்டில், நூலால் கட்டப்பட்ட பற்றுச்சீட்டு அடிக்கட்டைகள் சில இருக்கின்றன. மொத்தம் 243 சீட்டுகள். ஒவ்வொன்றும் 100 ரூபாய்க்கு உரியது. முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கு நூற்றாண்டு கண்டபோது, அவ்வூர்க் கோவிலின் வரலாற்றை நூலாக எழுதி வெளியிடுவதென முடிவு செய்தோம். அச்சகத்தார் கேட்ட முன்பணம் பங்கின் கையிருப்பில் இல்லை. ஆகவே ஞாயிறு திருப்பலிக்குப் பின், நூலை வேண்டுவோர் இப்போதே 100 ரூபாய் செலுத்திப் பெயரைப் பதிந்துகொள்ளலாம் என அறிவித்தோம். பாதுகாவலர் திருவிழாவன்று நூல் கையில் கிடைக்கும் என்றும் சொன்னோம். மக்கள் தந்தார்கள். நூலின் ஒரு பக்கத்தையேனும் நாம் எழுதியிருக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

அந்த நூல் என்னவாயிற்று என்பதைப் பின்னர்ச் சொல்வோம். அந்தக் கட்டு நம் கண்ணில் படும்போதெல்லாம் எழுந்த ஒரு வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். இன்னும் உருவாகாத ஒரு பொருளுக்கு முன்னதாகவே காசு கொடுக்கும் இப்பழக்கம் எங்கே தொடங்கியது? இக்காலத்துப் பிள்ளைகள் கைப்பேசி கடைக்கு வருமுன்னரே அதற்குப் பணம் கட்டிவிட்டு நாள்களை எண்ணுகின்றனர். இதனை இன்றைய வணிகர் கண்டுபிடித்த உத்தி என்றே நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். சற்றுத் தேடிப் படித்த பின்னர்தான், அச்சுக்கலையின் வயதே இதற்கும் வயது என அறிந்தோம்.

1454ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் செருமனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகரில் பேரரசின் மன்றம் கூடியது. அங்கு வந்திருந்தவர்களுள் சியன்னா நகரின் ஆயர் எனெயா சில்வியோ பிக்கோலோமினி ஒருவர். பின்னாளில், 1458இல், திருத்தந்தை இரண்டாம் பத்திநாதர் (பயஸ்) எனும் பெயரில் உரோமை அரியணை ஏறியவர் இவரே. அந்நகரில் வியத்தகு மனிதர் ஒருவர் காட்டிய அச்சிட்ட விவிலியத் தாள்களை அவர் கண்டார். மறு ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் கர்தினால் யுவான் தே கார்வஹால் என்பவருக்கு எழுதிய மடலில் அச்செய்தியைக் குறிப்பிடுகிறார். முழு விவிலியத்தைத் தாம் காணவில்லை என்றும், பல்வேறு நூல்களின் மடிப்புத் தாள்களை மட்டுமே கண்டதாகவும் அவர் கூறுகிறார். எழுத்து மிகத் தெளிவாயும் பிழையின்றியும் இருந்ததால், கர்தினால் அவர்கள் மூக்குக் கண்ணாடி இன்றியே அதனைப் படிக்கலாமாம். 158 படிகள் முடிவுற்றதாகச் சிலர் சொன்னார்கள். 180 என்று சிலர் சொன்னார்கள். தமக்கு ஒரு படி வேண்டும் என்ற கர்தினாலின் விருப்பத்துக்கு அவர் அளித்த விடைதான் நம் பொருளுக்கு முதன்மையானது. வாங்கி அனுப்ப முயல்வதாகவும், ஆனால் அது கைகூடுமோ என ஐயுறுவதாகவும் எழுதுகிறார். தொலைவு ஒரு காரணம். நூல்கள் முடிவுறுமுன்னரே அவற்றை வாங்குவோர் ஆயத்தமாக இருந்தனர் என்பது மற்றொரு காரணம்.

ஐரோப்பாவில் அசையும் உலோக எழுத்துகளால் அச்சான முதற்பெரும் நூல், இவ்வாறு முடியுமுன்னரே விலைபேசப்பட்டுவிட்டது. ஒரு கர்தினாலும் வரிசையில் பின்னே நிற்க வேண்டியதாயிற்று! இம்மடலின் சிறப்பை 1982இல் எரிக் மொய்தன் என்னும் செருமானிய வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டிய பின்னரே அறிஞர் உலகம் இதனை நன்கு கவனித்தது.

அந்த வியத்தகு மனிதரின் பெயரை மடல் கூறவில்லை. அது யோகான் குட்டன்பர்க்கையோ, அவரோடு சேர்ந்து உழைத்தவர்களுள் ஒருவரையோ குறிக்கும் என்பர். குட்டன்பர்க்கின் கதையில் நம்மை உறுத்துவது வேறொன்று. நூல்கள் அனைத்துக்கும் ஆள் இருந்தும் அவர் கடனாளியானார். மைன்ஸ் நகரத்துச் செல்வர் யோகான் பூஸ்ட் அவருக்கு இரு முறை 800 குல்டன் வீதம் கடன் கொடுத்திருந்தார். 1455இல் வட்டியும் முதலுமாக 2,026 குல்டன் கேட்டு வழக்காடினார். அவ்வாண்டு நவம்பர் 6ஆம் நாள் எழுதப்பட்ட பத்திரம் இன்றும் உள்ளது. அச்சுப்பட்டறையின் பெரும்பகுதி பூஸ்ட் கைக்குப் போயிற்று. வாங்க ஆள் ஆயத்தமாக இருப்பது வேறு, காசு கைக்கு வருவது வேறு. தாளுக்கும் ஈயத்துக்கும் ஆள்கூலிக்கும் இன்று பணம் வேண்டும். விற்ற பணமோ நாளைதான் வரும். இந்த இடைவெளியில் வீழ்ந்தவர்கள் அச்சுத்தொழிலின் வரலாறு முழுவதும் இருக்கின்றனர். கடன் கொடுப்பவர் இந்த இடைவெளியை நிரப்பினால் பட்டறை அவருடையதாகிறது. வாங்குபவரே முன்வந்து நிரப்பினால்? அந்த எண்ணம் முறையான வழக்கமாக உருப்பெற மேலும் ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

அது உருப்பெற்ற இடம் இங்கிலாந்து. 1617இல் யோவான் மின்ஷூ என்பவர் பதினொரு மொழிகளின் சொற்களை ஒப்புநோக்கும் அகராதி ஒன்றை வெளியிட்டார். ஆதரித்தோர் பெயர்ப்பட்டியலை அச்சிட்டு வெளிவந்த முதல் ஆங்கில நூல் அதுவே என்பர். இலத்தீனில் 'கீழே எழுதுதல்' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து இம்முறைக்கு ஆங்கிலத்தில் பெயர் வந்தது. அறிக்கைத் தாளின் அடியில் பெயரை எழுதிக் கொடுப்பவர் சந்தாதாரர் ஆகிறார். நம் முன்னோர் இதனைக் 'கையொப்பம்' என்றே வழங்கினர். 19ஆம் நூற்றாண்டில் அச்சான தமிழ் நூல்கள் பலவற்றில் 'கையொப்பக்காரர்' பெயர் வரிசையைக் காணலாம். இத்துணைப் பொருத்தமான சொல்லை நாம் ஏன் கைவிட்டோமோ தெரியவில்லை. 'முன்பதிவு' என்னும் இன்றைய சொல்லில் வரிசையில் இடம் பிடித்தல் மட்டுமே தெரிகிறது. 'கையொப்பம்' என்பதிலோ வாக்குக் கொடுத்தலும் தெரிகிறது.

1653இல் ஆங்கிலிக்கன் குரு பிரையன் வால்ட்டன் பன்மொழி விவிலியப் பதிப்பைத் தொடங்கினார். ஒன்பது மொழிகள், ஆறு பெருந்தொகுதிகள். விலை பத்துப் பவுன். அரசரின் தலையை வெட்டி, ஆங்கிலிக்கன் சபையையும் ஒடுக்கிய காலம் அது. அத்தகைய காலத்தில் கையொப்பத்தை நம்பி இப்பெருவேலையில் இறங்கி, 1657இல் முடித்தும் காட்டினார். அன்றைய ஆட்சியாளர் குரோம்வெல் தாளைத் தீர்வையின்றி இறக்குமதி செய்ய இசைந்தமைக்கு முன்னுரையில் நன்றி கூறப்பட்டது. 1660இல் மன்னராட்சி திரும்பியது. நன்றி கூறிய பகுதி நீக்கப்பட்டு, மன்னர் இரண்டாம் சார்லசுக்கு நூலைக் காணிக்கையாக்கும் புதிய தாள்கள் சேர்க்கப்பட்டன. ஆதலால் இன்றும் அந்நூலில் 'குடியரசுப் படி', 'அரசப் படி' என இரு வகை உண்டு. வால்ட்டன் பின்னர் ஆயரானார். நாம் சிரிக்கலாம், ஆயினும் பணம் கட்டியவர்களுக்குச் சொன்னபடி ஆறு தொகுதிகளும் போய்ச் சேர்ந்தன என்பதை மறக்க வேண்டா.

இம்முறையால் பெரிதும் பயன் கண்டவர் கத்தோலிக்கர் இருவர் என்பதை அறிந்தபோது நாம் வியந்தோம். அந்நாட்டில் அன்று கத்தோலிக்கர் நிலை எத்தகையது என்பது வாசகர் அறிந்ததே. முதலாமவர் யோவான் டிரைடன். 1668 முதல் அரசவைக் கவிஞராக இருந்தவர். 1680களின் நடுவில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1688இல் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் யாக்கோபு நாட்டைவிட்டு ஓடியதும், புதிய ஆட்சிக்கு உறுதிமொழி எடுக்க மறுத்த டிரைடன் பதவியையும் ஊதியத்தையும் இழந்தார். அறுபது வயதை நெருங்கும் காலத்தில் மீண்டும் எழுதுகோலை நம்பிப் பிழைக்க வேண்டிய நிலை.

பதிப்பாளர் யாக்கோபு டான்சன் ஒரு வழி கண்டார். இலத்தீன் கவிஞர் விர்ஜிலின் படைப்புகளை டிரைடன் மொழிபெயர்ப்பது. அதற்குக் கையொப்பம் வாங்குவது. பழைய பதிப்பொன்றின் 101 செப்புத்தகட்டுப் படங்கள் கையில் இருந்தன. ஐந்து கினி கொடுக்கும் 101 பேரைத் தேடி, ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒவ்வொருவரின் குலச்சின்னத்தைப் பொறித்தனர். மூன்று கினி முன்னதாக, இரண்டு கினி நூல் கைக்கு வரும்போது. அவ்வளவு கொடுக்க இயலாதோர் இரண்டு கினி கொடுத்தால் பெயர் மட்டும் பட்டியலில் இடம்பெறும். நம் கோவில்களில் பெரிய உபயக்காரர் பெயரைச் சாளரக் கண்ணாடியிலும் சிறிய உபயக்காரர் பெயரைச் சுவர்ப் பலகையிலும் எழுதுகிறோமே, அதே கணக்குத்தான்! நூல் 1697இல் வெளிவந்தது. நாடாளும் மன்னர் மூன்றாம் வில்லியத்துக்கு அதனைக் காணிக்கையாக்குமாறு டான்சன் விரும்பினார், டிரைடன் இசையவில்லை. விடாத டான்சன், படங்களில் காவியத் தலைவன் ஈனியாசின் மூக்கை மன்னரின் வளைந்த மூக்கைப் போலத் திருத்தச் செய்தார். உரோமையில் இருந்த தம் மக்களுக்கு எழுதிய மடலில் டிரைடன் இதனைக் குறிப்பிடுகிறார். பதவியைப் பறிகொடுத்த கிழவர், பதவியின் தயவின்றி வாழ்ந்து காட்டினார். மூக்கில் மட்டும் தோற்றார்.

இரண்டாமவர் அலெக்சாந்தர் போப். போப் என்பது அவருடைய குடும்பப் பெயர். திருத்தந்தையர் வரிசையில் தேட வேண்டா. திருவாசகத்தை ஆங்கிலமாக்கிய ஜி. யூ. போப்பும் இவர் அல்லர், அவர் பிற்காலத்தவர். அலெக்சாந்தர் போப் 1688இல் இலண்டனில் ஒரு கத்தோலிக்கத் துணி வணிகரின் மகனாய்ப் பிறந்தார். அன்றைய சட்டப்படி கத்தோலிக்கர் பல்கலைக்கழகப் பட்டம் பெற இயலாது. அரசுப் பதவி வகிக்க இயலாது. நிலவரி இரு மடங்கு. இலண்டனிலிருந்து பத்து மைல் எல்லைக்குள் குடியிருக்கவும் தடை. குடும்பம் விண்ட்சர் காட்டையடுத்த சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. வீட்டுக்கு வந்து சென்ற குருக்களிடமும், மறைவாக நடந்த கத்தோலிக்கப் பள்ளிகளிலும் சிறுவன் கற்றான். இளமையிலேயே முதுகெலும்பு நோயால் கூன் விழுந்தது. உயரம் நாலரை அடி அளவே. சட்டம் ஒருபுறமும் உடல் மறுபுறமும் அடைத்த கதவுகளுக்கு நடுவே அவருக்குத் திறந்திருந்தது கவிதை ஒன்றே.

1713இல் அவர் ஹோமரின் இலியது காவியத்தை ஆங்கிலக் கவிதையாக்கப் போவதாக அறிவித்துக் கையொப்பம் கேட்டார். ஆறு தொகுதிகள், தொகுதிக்கு ஒரு கினி, ஆண்டுக்கு ஒரு தொகுதி. அயர்லாந்தின் ஆங்கிலிக்கன் குருவும் 'கலிவரின் பயணங்கள்' எழுதியவருமான யோனத்தான் சுவிப்ட், அரச மாளிகையின் காத்திருப்புக் கூடத்தில் பிரபுக்களை நிறுத்தி நிறுத்தி ஆள்சேர்த்த காட்சியைப் பார்த்த ஒருவர் எழுதி வைத்துள்ளார். இங்கிலாந்தின் தலைசிறந்த கவிஞர் போப் என்னும் ஒரு கத்தோலிக்கர் என்றும், ஆயிரம் கினி சேரும்வரை நூலை அச்சிடத் தாம் விடப்போவதில்லை என்றும் சுவிப்ட் கூறினாராம். சட்டம் ஒதுக்கிய மனிதனுக்காக மாற்றுச் சபைக் குரு ஒருவர் உண்டியல் குலுக்கிய காட்சி அது.

575 பேர் 654 படிகளுக்குக் கையொப்பமிட்டனர். 1714 மார்ச்சில் பதிப்பாளர் பெர்னார்டு லிண்டட்டுடன் போப் செய்துகொண்ட உடன்பாடு இன்றும் வணிகர் வியக்கத் தக்கது. தொகுதிக்கு 200 கினி லிண்டட் கொடுக்க வேண்டும். கையொப்பக்காரருக்குரிய படிகளையும் தம் செலவிலேயே அச்சிட்டுத் தர வேண்டும்; அந்தப் பணம் முழுவதும் கவிஞருக்கே. ஏறத்தாழ 5,000 பவுன் அவருக்குக் கிடைத்தது. பதவியோ அரசின் ஓய்வூதியமோ இன்றி ஆங்கிலக் கவிஞர் ஒருவர் வளமாய் வாழ முடியும் என்பதை அது காட்டிற்று.

ஆனால் பணம் வாங்கியவரின் உள்ளம் எப்படி இருந்தது? வேலையைத் தொடங்கிய காலத்தில், யாரேனும் தம்மைத் தூக்கிலிட்டால் நலம் எனப் பலமுறை எண்ணியதாக அவரே பின்னாளில் ஒரு நண்பரிடம் கூறியிருக்கிறார். முடிவே காணாத நெடும்பயணம் போவதாகக் கனவுகள் வந்தனவாம். 15,000க்கும் மேற்பட்ட வரிகள் கண்முன் நிற்கின்றன. 575 பேரின் காசு கையில் இருக்கிறது. நமக்கு அந்தக் கனவு புரிகிறது. இருப்பினும் 1715இல் முதல் தொகுதி வந்தது. 1720இல் கடைசித் தொகுதியும் வந்தது. சிறிது காலத்தாழ்வு உண்டு. ஆனால் வாக்குத் தவறவில்லை.

இங்கேயே நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். வரலாறு அவ்வாறு நிறுத்த விடுவதில்லை. வெற்றி கண்டவர் ஹோமரின் மற்றொரு காவியமான ஒடிசிக்கும் கையொப்பம் கேட்டார். இம்முறை அவருக்குச் சலிப்பு. வில்லியம் புரூம், எலியா பெண்டன் என்னும் இருவரை அமர்த்தி, 24 காண்டங்களில் சரிபாதியை அவர்களைக் கொண்டு செய்வித்தார். புரூம் எட்டு, பெண்டன் நான்கு. ஊரார் காதில் செய்தி விழுந்தபோது, முழுதும் போப்பின் கைவேலை என நம்பிப் பணம் கட்டியவர்கள் முணுமுணுத்தனர். 1726இல் நூல் முடிந்தபோது புரூமின் பெயரில் வந்த குறிப்பு, உதவியாளர் செய்தவை ஐந்து காண்டங்களே என்றது. பன்னிரண்டு ஐந்தாயிற்று. புரூமுக்கும் பெண்டனுக்கும் கிடைத்தது வருவாயில் சிறு பங்கு. தண்டனைச் சட்டங்களின் கொடுமையை நன்கறிந்து வாழ்ந்த ஒருவர் இதைச் செய்தார் என்பதில் நமக்கு வருத்தமே. அவர் நம்மவர் என்பதால் மறைக்க விரும்பவில்லை.

போப்பின் குற்றம் இதுவென்றால், சாமுவேல் ஜான்சனின் குற்றம் நம்முடையதை ஒத்தது. பெரும் ஆங்கில அகராதியைத் தொகுத்த அந்த மேதை, 1756 சூன் மாதம் சேக்சுபியர் நாடகங்களைப் பதிப்பிப்பதாக அறிக்கை விட்டார். கையொப்பத்தின்போது ஒரு கினி. நூல் வந்ததும் ஒரு கினி. 1757 கிறித்துமசுக்குள் நூல் வரும் என்றார். வரவில்லை. அடுத்த கிறித்துமசுக்கும் வரவில்லை. 1762இல் சார்லசு சர்ச்சில் என்னும் கவிஞர், காசு வந்ததே, நூல் எங்கே என வெளிப்படையாகவே எள்ளினார். 1765 அக்டோபரில், எட்டு ஆண்டுகள் பிந்தி, எட்டுத் தொகுதிகள் வெளிவந்தன. கையொப்பக்காரர் பட்டியல் மட்டும் இல்லை. அது ஏன் இல்லை என்பதற்கு ஜான்சனே காரணம் கூறியிருக்கிறார்: பெயர்களையெல்லாம் தொலைத்துவிட்டார், பணத்தையெல்லாம் செலவழித்துவிட்டார். அவருடைய நண்பர்கள் இதனை நகைச்சுவையாகச் சொல்லி மகிழ்ந்தனர். கினி கொடுத்துவிட்டு எட்டாண்டு காத்திருந்தவர்களுள் எத்தனை பேர் அந்த நகைச்சுவையைக் கேட்கும்வரை உயிரோடிருந்தனர் என்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

கையொப்பம் கேட்பவரின் பெருமையும் ஊராரின் மனநிலையும் மாறும்போது என்ன ஆகும் என்பதற்கு வியன்னா நகரத்து மோட்சார்ட் சான்று. 1784 மார்ச்சில் தம் இசை அரங்குகளுக்கு முன்னதாகவே பணம் கட்டிய 174 பேரின் பெயர்களை வரிசையாக எழுதித் தந்தைக்கு அனுப்பி மகிழ்ந்தார். நான்கே ஆண்டுகளில், 1788இல், மூன்று ஐங்கருவி இசைப்படைப்புகளின் படிகளுக்கு முன்பணம் கேட்டு விளம்பரம் செய்தார்; பணம் கட்டியோர் மிகச் சிலர் என்பதால் வெளியீட்டை 1789 சனவரிக்குத் தள்ளிவைப்பதாக அறிவிக்க நேர்ந்தது. 1789 சூலையில், கடன் கேட்டு நண்பருக்கு எழுதிய மடலில், இரண்டு வாரமாகச் சுற்றுக்கு விட்ட பட்டியலில் ஒரே ஒரு பெயர் மட்டும் இருப்பதாகக் கூறுகிறார். அது வான் சுவீட்டன் என்னும் பிரபுவின் பெயர். துருக்கியருடன் போர் மூண்டு பிரபுக்கள் பலர் நகரை விட்டகன்ற காலம் என்று வரலாற்றாசிரியர் விளக்கம் தருவர். விளக்கம் சரியாயிருக்கலாம். ஒற்றைப் பெயர் தாங்கிய அந்தத் தாளை ஏந்தி நின்ற மனிதருக்கு அது எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்பது வேறு வினா.

அதே 1789இல் கடலுக்கு அப்பால் பிலதெல்பியா நகரில் வேறொரு பட்டியல் நிரம்பிக் கொண்டிருந்தது. அயர்லாந்திலிருந்து தப்பி வந்த கத்தோலிக்க அச்சகர் மத்தேயு கேரி, தூவே கத்தோலிக்க விவிலியத்தை அமெரிக்க மண்ணில் முதன்முறையாக அச்சிட முனைந்தார். அந்நாட்டின் முதல் ஆயரான யோவான் கரோல் அதற்குத் துணைநின்றார். சிறு மந்தையின் ஆதரவு மட்டும் போதாது என உணர்ந்த கேரி, பிற சபையாரையும் கையொப்பமிட அழைத்தார். 1790 டிசம்பரில் நூல் வெளிவந்தது.

தமிழ்நாட்டில் இம்முறையின் பெரும் சான்று உ. வே. சாமிநாதையர். 1880 அக்டோபரில் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவிய நிகழ்ச்சி யாவரும் அறிந்தது. அந்த ஒரு வினாவின் விளைவாகக் கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் சமணக் காப்பியம் ஒன்றின் சுவடிகளைத் தேடி, சமணப் பெரியோரிடம் ஐயம் கேட்டு, பல ஆண்டு உழைத்தார். பதிப்பிக்கும் வேளை வந்ததும் காசு எங்கே? அவரும் கையொப்பமே நாடினார். அறிந்தவர்களுக்கு மடல் எழுதியும் நேரில் கண்டும் ஒவ்வொருவராகச் சேர்த்த வரலாற்றைத் தம் சரித்திரத்தில் எழுதியுள்ளார். நூல் 1887இல் வெளிவந்தது. இலியதுக்குக் காசு கொடுத்த பிரபுக்கள் ஹோமரின் பெயரையாவது அறிந்திருந்தனர். சிந்தாமணிக்குக் கையொப்பமிட்டவர்களுள் பெரும்பாலோர் அந்நூலை அதற்குமுன் கண்ணாலும் கண்டதில்லை. எதிரே நின்ற ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே கொடுத்திருக்க வேண்டும். சைவர் ஒருவர் சமண நூலுக்காகக் கேட்டார். அவரவர் சமயத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கொடுத்தார்கள்.

நூல்களை விட்டுப் பிற பொருள்களின் கதைக்குள் நாம் அதிகம் செல்லப் போவதில்லை. ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டுப் பல்லாண்டு காத்திருந்த காலத்தை நம் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். அது பொருளின் தட்டுப்பாட்டால் வந்த காத்திருப்பு. 1983இல் மாருதி கார் விற்பனைக்கு வருமுன்னரே, தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் கட்டி 1,35,000 பேர் பதிவு செய்தனர். அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் நாள் முதல் கார் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று கைப்பேசிக்கு முன்பதிவு செய்பவருக்குத் தட்டுப்பாடு இல்லை, பொறுமைதான் தட்டுப்பாடு. இங்கே நிறுவனத்துக்குப் பணத்தேவையும் இல்லை. எத்தனை செய்யலாம் என்னும் கணக்குத் தேவை. பெயர்ப்பட்டியல் இப்போதும் உண்டு. ஆனால் அதனை யாரும் அச்சிடுவதில்லை.

நமது நூலுக்கு வருவோம். திருவிழா வந்தது, நூல் வரவில்லை. பழைய பதிவேடுகளில் பிரெஞ்சு மொழிக் குறிப்புகள் இருந்தன. அவற்றைப் படிக்க ஆள் தேட வேண்டியிருந்தது என்று காரணம் கூறினோம். அது உண்மை, ஆனால் முழு உண்மையன்று. கல்லறைத் திருநாள், திருவருகைக்காலம், தவக்காலம் என ஒவ்வொன்றையும் காட்டி எழுதும் வேலையைத் தள்ளிப்போட்டோம். அடுத்த ஆண்டு மாற்றல் ஆணை வந்தது. பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளையும், செலவாகாமல் வங்கியில் கிடந்த 24,300 ரூபாய்க்குரிய கணக்கையும் எடுத்துக்கொண்டு புதிய பங்குக்குச் சென்றோம். பழைய ஊரில் யாரேனும் இறந்து அடக்கத்துக்குச் சென்றால், எவரும் நூலைப்பற்றிக் கேட்கமாட்டார்கள். கேட்காதிருந்ததுதான் கடினமாக இருந்தது. ஒருமுறை முதியவர் ஒருவர் மட்டும், "சாமி, எங்க தாத்தா கோவில் மணியைச் சுமந்துக்கிட்டு வந்த கதையை எழுதிட்டீங்களா?" என்றார். எழுதிவிட்டதாகத் தலையசைத்தோம். அன்றிரவுதான் அதை எழுதினோம்.

நூல் நான்கு ஆண்டு பிந்தி அச்சேறியது. அதற்குள் தாள் விலை ஏறியிருந்தது. குறைந்த தொகையை நம் கையிலிருந்து போட்டோம். அதில் பெருமை ஒன்றுமில்லை. கடைசி ஆறு பக்கங்களில் முன்பணம் தந்த 243 பேரின் பெயர்களையும் அச்சிட்டோம். அவர்களுள் 19 பேர் இதற்குள் இறந்திருந்தனர். அவர்கள் பெயருக்கு முன் சிலுவைக்குறி இடலாமா என அச்சுக் கோத்தவர் கேட்டார். வேண்டா என்றோம், கையொப்பமிட்டபோது அவர்கள் உயிரோடுதானே இருந்தார்கள். மணியின் கதையைக் கேட்ட முதியவரும் அந்தப் பத்தொன்பதின்மருள் ஒருவர். அவருடைய படியை மகள் வாங்கிக்கொண்டார். தந்தையின் பெயர் உள்ள பக்கத்தை முதலில் பார்த்தார். மணியின் கதை எந்தப் பக்கம் என்று பிறகு கேட்டார். 37ஆம் பக்கம் என்றோம்.

ஊரை விட்டுத் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிட்டவர்களைத் தேடித் தேடிப் படிகளை அனுப்பினோம். பதினொருவரை மட்டும் இன்றுவரை கண்டுபிடிக்க இயலவில்லை. அவர்களுக்குரிய பதினொரு படிகள், அடிக்கட்டைகள் இருக்கும் அதே அலமாரியில் தாளில் சுற்றி வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் மேலும் பெயரும் சீட்டு எண்ணும் எழுதியிருக்கிறோம். சீட்டு தொலைந்துபோயிருந்தாலும் கவலை இல்லை. உரியவரோ அவர் பிள்ளைகளோ வந்து பெயரைச் சொன்னால் போதும்.